கன்டினியூட்டி

வூச் நகரத்துப் பழைய பஞ்சாலை ஒன்றில்
இருபத்திரண்டு வருடமாக நிற்கிறது எங்கள் விண்கலம்.
ஒட்டுப்பலகை, மேலே வெள்ளிப் பூச்சு.
பனி உருகும் மாதத்தில் வலது எஞ்சின் ஒழுகும்.

நான் கன்டினியூட்டி.
ஜானெத்தா என்றொரு பெயர் உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை.
கன்டினியூட்டி, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?
கன்டினியூட்டி, ரத்தம் காய்ந்திருந்ததா, ஈரமா?
சொல்வேன்.
வீட்டுச் சாவியை எங்கே வைத்தேனென்று தெரியாது,
இதெல்லாம் தெரியும்.

கேப்டன் நான்காவது படத்தில் செத்தார்.
அவர் இல்லாத ஐந்தாவது, ஒரு வாரம்கூட ஓடவில்லை.
எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து, என்றார் தயாரிப்பாளர்.
போர் இன்னும் வரவில்லை.
செத்தவர் யாரும் இன்னும் சாகவில்லை.
ரீபூட் என்று சொல்லி
குழாயடியில் நிற்பவர்போல் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

லூதோமிர் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தாராம்.
முதலிலிருந்து என்றால் கேப்டன் உயிரோடு இருப்பாரே.
அழைப்பு வரவில்லை.
இப்போது முதுகுவலித் தைலத்துக்காக
டிராம் நிறுத்தங்களில் சிரிக்கிறார்.
விமானி போனாள், வில்லன் போனான்,
வில்லனின் நாய் ஏற்கெனவே போயிருந்தது.

ஒருவர்மேல் மட்டும் யாராலும் கைவைக்க முடியவில்லை.
கலத்தின் சமையல்காரர், ஓர்லிக்.
மொத்தம் பத்து நிமிடம் வருவார்.
கரண்டியோடு நுழைந்தால் பாப்கார்ன் பறக்கும்.
பசித்தவனிடம் எந்தக் கிரகம் என்று கேட்காதே:
அந்த வசனத்தைப் பள்ளிச் சாப்பாட்டு வரிசையில்
பிள்ளைகள் தட்டைத் தட்டிச் சொல்கிறார்கள்.
அவர் இல்லையென்றால் எனக்கு டிக்கெட்டே வேண்டாம் என்றாளாம்
தயாரிப்பாளரின் சொந்த மகள்.

ஆக, வின்சென்டி ஹராபுர்தா, வயது அறுபத்தெட்டு,
இருக்கிறார்.
மொந்தை புதுசு, கள்ளும் புதுசு,
ஒரே ஒரு துளி மட்டும் பழசு.

ஒப்பனைப் பெண் சுருக்கங்களை மூடப் பார்த்தாள்:
"கதைப்படி இதுதான் முதல் பயணம், சார்."
"கலத்துக்கு முதல் பயணம்" என்றார்,
"இந்த முட்டிக்கு அல்ல."

காட்சி மூன்று. சமையலறை.
புதுக் கேப்டன் கயெதான் நுழைகிறான். இருபத்தைந்து வயது,
நல்ல பிள்ளை. பழைய படம் ஒன்றுகூடப் பார்க்காதே என்று
சொல்லி வைத்திருந்தார்கள், கேட்டுக்கொண்டான்.
ஓர்லிக் அவனைப் பார்த்து, யார் நீ, என்று கேட்க வேண்டும்.
கோப்பையில் பீட்ரூட் சூப்பை நீட்ட வேண்டும்.
அவ்வளவுதான்.

கேட்டார். குரல் சரியாகவே இருந்தது.
நீட்டினார்,
அவனுடைய இடது பக்கமாக.

கயெதானின் வலது கை பாதி வழியில் நின்றது.
இடது கை எழுந்து வந்து, கொஞ்சம் சிந்தி,
வாங்கிக்கொண்டது.

மூன்றாவது படத்தில் கேப்டனின் வலது கை போனது.
அதன்பிறகு எத்தனை கோப்பை, எத்தனை ரொட்டித் துண்டு,
மடியில் கிடந்தவருக்குக் கடைசி வாய்த் தண்ணீர்,
எல்லாமே இடது பக்கம்.
என் நோட்டில் இருக்கிறது, பக்க எண்ணோடு.

"கட்" என்றாள் ரோக்சானா. இயக்குநருக்கு இது முதல் படம்.
"அழகு. அந்தத் தயக்கம் அழகு.
கன்டினியூட்டி, ஏதாவது?"

பிழைதான்.
இந்தக் கதையில் அந்தக் கைக்கு எதுவுமே நடக்கவில்லை.
ஒரு தேக்கரண்டி இடம் மாறியதற்காக
எண்பது பேரைத் திரும்ப நிற்கவைத்தவள் நான்.
வின்சென்டி என் பக்கம் பார்க்கவில்லை.
கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
அது காய்ந்துதான் இருந்தது.

"ஒன்றுமில்லை" என்றேன்.

புது நோட்டு. முதல் பக்கம்.
காட்சி மூன்று, டேக் ஒன்று, கோப்பை இடது கை
என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
இனி வரப்போகும் படங்களிலெல்லாம்
அந்தப் பையன் இடது கையால்தான் வாங்கியாக வேண்டும்,
ஏனென்று தெரியாமலே.